கூலி பாக்கி

அரசாங்க ஆவணங்களின்படி என் அவ்வா மூன்று முறை பிறந்திருக்கிறார். வாக்காளர் அட்டையில் 1.1.1995 அன்று வயது 48 என்று இருக்கிறது. அப்படியானால் 1947. ஆதாரில் 1943. ரேஷன் கார்டில் போட்டிருந்த வயதைக் கழித்துப் பார்த்தால் 1950 வரும். என் பெரியப்பாவின் பள்ளிச் சான்றிதழில் பிறந்த ஆண்டு 1954. ரேஷன் கார்டை நம்பினால் அவ்வா நான்கு வயதில் பிள்ளை பெற்றிருக்க வேண்டும்.

அவ்வாவிடம் கேட்டால் வேறு கணக்குச் சொல்வார். "சூலூர்ல ஏரோப்ளேன் கொட்டாயி எரிஞ்சுதல்ல, அந்த வருசந்தான் என்னை எருமை மேய்க்க உட்டாங்க." சூலூர் விமான தளத்துக்குத் தீ வைக்கப்பட்டது 1942 ஆகஸ்ட் 26. எருமைக் கயிற்றைப் பிடிக்கத் தெரியும், எருமை இழுத்தால் நிற்கத் தெரியாது, அந்த வயசு என்பார். ஆறு, ஏழு என்று வைத்துக்கொண்டால் 1935ஐ ஒட்டிப் பிறந்திருக்கிறார். 2025 பங்குனியில் இறந்தபோது 90 வயது. வரும் பங்குனியோடு ஒரு வருசம் ஆகிறது.

கொங்கு நாட்டு அருந்ததியர் வீடுகள் பலவற்றில் வாசலுக்கு உள்ளே தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். பாட்டியை நாங்கள் அவ்வா என்போம். இவர் என் அப்பாவைப் பெற்றவர். அவினாசிப் பக்கம் ஒரு ஊர், ஊருக்குக் கிழக்கே எங்கள் வளவு. அவ்வாவின் பெயரையும் ஊரின் பெயரையும் இங்கே எழுதவில்லை. எங்கள் ஆட்கள் இன்னும் அங்கேதான் குடியிருக்கிறார்கள், அதே கடையில்தான் பால் வாங்குகிறார்கள். அவர் வீட்டில் பேசியதையும் தமிழிலேயே தருகிறேன். ஊரில் ஐந்து வயதுப் பிள்ளைகூட அவரை 'வாடி, போடி' என்றுதான் கூப்பிட்டது. அதனால் எழுத்தில் 'அவர்' என்றே எழுதுகிறேன்.

எருமை மேய்க்கப் போன கதையிலிருந்து தொடங்குகிறேன். அவ்வாவின் அப்பா கவலைக்குத் தோல் பறி தைப்பவர். கரண்டு மோட்டார் வராத காலத்தில் கொங்கு நாட்டுக் கிணறுகளில் மாடு பூட்டித்தான் தண்ணீர் இறைப்பார்கள். செத்த மாட்டைத் தூக்கி, உரித்து, தோலைப் பதப்படுத்தி, பறி தைத்து, கிழிந்தால் ஒட்டுப் போட்டுக் கொடுப்பது எங்கள் ஆட்களின் வேலை. பறி இல்லாமல் ஒரு சொட்டுத் தண்ணீர் மேலே வராது. தோட்டத்தில் விளைந்த பருத்திக்கும் புகையிலைக்கும் பாய்ந்த தண்ணீர் முழுக்க எங்கள் கை தைத்த தோல் வழியாகத்தான் வந்தது. அதே கிணற்றில் இறங்கி ஒரு குடம் மொள்ள எங்களுக்கு உரிமை கிடையாது.

அவ்வாவின் அக்கா கல்யாணத்துக்கு அவருடைய அப்பா பண்ணாடி வீட்டில் 60 ரூபாயும் இரண்டு மூட்டைக் கம்பும் முன்பணமாக வாங்கினார். அதற்கு ஈடாக அவ்வா போனார். மூன்று வேளைச் சோறு, வருசத்துக்கு ஒரு துணி, வீட்டுக்கு மாசம் சில வள்ளம் கம்பு. இதுதான் பேச்சு. காய்ச்சலில் படுத்த நாளைக் கழித்தார்கள். காணாமல் போன ஆட்டுக்குட்டிக்குக் கழித்தார்கள். எல்லாம் பண்ணாடி வீட்டு நோட்டில் எழுதப்பட்டது. அந்த நோட்டை எங்கள் ஆட்களில் ஒருவரும் படித்ததில்லை, படிக்கத் தெரிந்தவரும் இல்லை. வருசக் கடைசியில் பண்ணாடி பக்கத்தைத் திருப்பி, "இன்னும் பாக்கி இருக்குது" என்பார். அவ்வளவுதான் கணக்கு.

கல்யாணம் ஆன பிறகும் அந்தப் பாக்கி தீரவில்லை. தாத்தாவும் பண்ணையாள். அவருக்குத் தனி நோட்டு. இரண்டு நோட்டுக்கு நடுவில் அவ்வா ஆறு பிள்ளைகள் பெற்றார், நான்கு பேர் தங்கினார்கள்.

எம்.ஏ. சமூகவியல் படிக்கும்போது பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' நாவலை வீட்டுக்கு எடுத்துப் போனேன். கவுண்டர் தோட்டத்தில் ஆடு மேய்க்கும் எங்கள் சாதிச் சிறுவர்களின் கதை. சில பக்கங்களை அவ்வாவுக்கு வாசித்துக் காட்டினேன். கண் கலங்குவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது, "அந்தப் பையனுக்கு எத்தனை ஆடு?" தன் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். பிறகு, "அவன் அப்பன் எவ்வளவு வாங்கினான்?" என்றார். வேலைக்குப் போன குழந்தையைப் பற்றிக் கேட்டாலே அவருக்கு முதலில் தோன்றும் கேள்வி இதுதான்.

தோழர்களே, அந்த நோட்டு எப்படி மூடப்பட்டது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. அந்தச் செய்தி எங்கள் வளவுக்கு வரவில்லை. வேறு மூன்று விசயங்கள் வந்தன. 1930களில் பைக்காரா மின்சாரம் கோவைப் பகுதிக்கு வந்தது. அதன் பிறகு வந்த சில பத்தாண்டுகளில் கிணற்றுக்குக் கிணறு மோட்டார் ஏறியது, தோல் பறிக்கு வேலை போனது. மோட்டார் இறைத்து இறைத்துக் கிணறு ஆழத்துக்குப் போனது. கிணறு வற்றிய தோட்டத்துப் பிள்ளைகள் திருப்பூருக்குப் போய் பனியன் கம்பெனி வைத்தார்கள். எங்கள் பண்ணாடியின் மகனும் போனார். ஆள் வைத்துச் செய்ய வேலை இல்லாத தோட்டத்தில் பண்ணையாளுக்குச் சோறு போட யாருக்கும் மனம் வராது. நோட்டை யாரும் கிழிக்கவில்லை, ரத்து என்று சொல்லவும் இல்லை. கேட்பதை நிறுத்தினார்கள். "கடன் தீர்ந்துச்சா அவ்வா?" என்று நான் கேட்டால், "கெணறு தீர்ந்துச்சு" என்பார்.

திருப்பூரின் வளர்ச்சியைப் பற்றி உங்களுக்கு வகுப்பில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். 1920களில் முதல் பனியன் கம்பெனி, 1980களில் ஏற்றுமதி, இன்று ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாயைத் தாண்டும் வியாபாரம், சாதாரண விவசாயிகள் தங்கள் சொந்த உழைப்பால் முதலாளி ஆன அதிசயம். சரத் சாரி 2004இல் வெளியிட்ட 'ஃபிரட்டர்னல் கேப்பிட்டல்' என்ற ஆய்வு நூல் இந்த 'உழைப்பு' என்ற பேச்சைத்தான் ஆராய்கிறது. விவசாயப் பின்னணியிலிருந்து வந்த கவுண்டர் முதலாளிகள் தங்கள் எழுச்சியை எப்படித் தங்கள் உழைப்பின் கதையாகச் சொல்கிறார்கள் என்று விரிவாக எழுதியிருக்கிறார். அவர்கள் உழைக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. அவ்வாவே சொல்லமாட்டார். "பண்ணாடியும் எங்ககூட வெயில்ல நின்னாரு" என்பார். ஆனால் அந்தத் தோட்டத்தில் நின்ற எல்லாருடைய உழைப்பும் கம்பெனியாக மாறவில்லை. ஒருவருடைய உழைப்பு நிலமாகி, நிலம் அடமானமாகி, அடமானம் மெஷினாகியது. இன்னொருவருடைய உழைப்பு அடுத்தவர் நோட்டில் கடனாகவே நின்றது.

அவ்வா திருப்பூருக்கு வேலைக்குப் போனது ஐம்பது வயதுக்கு மேல். 1984இல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. அதற்குப் பிறகு ஏற்றுமதி ஏறியது, கான்ட்ராக்ட் பெருகியது, பெண்கள் கூட்டம் கூட்டமாகக் கம்பெனிக்குள் வந்தார்கள். அந்தக் கூட்டத்தில் அவ்வாவும் டவுன் பஸ் ஏறினார். அவருக்கு மெஷின் தரவில்லை. முதலில் பிசிறு வெட்டும் வேலை. தைத்து வந்த பனியனில் தொங்கும் நூலைக் கத்தரிக்க வேண்டும். கண் மங்கியதும் வேஸ்ட் குடோன். வெட்டி விழுந்த துணியை நிறம் நிறமாகப் பிரிக்கும் வேலை. வெள்ளை தனி, கலர் தனி, கறுப்பு தனி. நாள் முழுக்கப் பஞ்சுத் தூசி. இருபது வருசம் அந்தத் தூசியில் இருமினார். பி.எப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை. கான்ட்ராக்டரின் நோட்டில் அவர் பெயர்கூட இல்லை, 'கெழவி' என்று இருந்தது.

இருந்தாலும் அந்த வேலையை அவ்வா குறை சொன்னதே இல்லை. இது எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. ஒருமுறை அவரே சொன்னார். "சனிக்கிழமை சாயங்காலம் காசு கையில குடுத்துருவான். திங்கக்கிழமை போகலன்னா யாரும் வளவுக்கு வந்து கூப்புட மாட்டான்." போகாமல் இருக்க முடிந்த முதல் வேலை அது. பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு டீக்கடையில் கண்ணாடி கிளாசில் டீ கொடுத்தார்கள். ஊரில் எங்களுக்குத் தனிக் குவளை. குடித்துவிட்டு நாமேதான் கழுவி வைக்க வேண்டும். அவ்வா அந்தப் பழக்கத்தில் கிளாசைக் கழுவத் தண்ணீர் தேடினாராம். கடைக்காரர், "வெச்சுட்டுப் போம்மா" என்றாராம். இந்தக் கதையை அவர் எனக்கு இருபது முறையாவது சொல்லியிருப்பார். 'ம்மா' என்ற எழுத்தை ஒவ்வொரு முறையும் இழுத்துச் சொல்வார்.

திருப்பூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் நீண்ட காலம் ஆய்வு செய்த கிரேஸ் கார்ஸ்வெல், கீர்ட் டி நேவ் இருவரும் எழுதியதைப் பின்னால் படித்தபோது அவ்வா சொன்னது நினைவுக்கு வந்தது. பனியன் கம்பெனிக்குப் போய்வர முடிந்த ஊர்களில் தலித்துகளுக்கு நிலம் வைத்திருப்பவர்களின் பிடி தளர்ந்தது. விசைத்தறி மட்டுமே இருந்த ஊர்களில் தலித்துகள் முன்பணத்தால் தறியோடு கட்டப்பட்டார்கள். இரண்டும் எங்கள் வீட்டிலேயே நடந்தது. அவ்வா பஸ் ஏறினார். சித்தப்பா பல்லடம் பக்கம் தறிக்குப் போனார். தறி ஓட்டுபவர்கள் அதைக் கடன் என்று சொல்வதில்லை, 'பாக்கி' என்பார்கள். ஒரு தறிக்காரரிடமிருந்து இன்னொருவரிடம் போக வேண்டுமானால் புதியவர் பழையவருக்குப் பாக்கியைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்வார். ஆள் மாறும், பாக்கி கூடவே வரும். சித்தப்பா முதன்முதலில் அந்தச் சொல்லை வீட்டில் சொன்ன அன்று அவ்வா சோற்றுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்துவிட்டாராம். அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இனி நான் பார்த்தது. 2008 கோடை, நான் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்திருந்தேன். வளவுக்கு ஒரு புரோக்கர் வந்தார். திண்டுக்கல் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லுக்குப் பெண்பிள்ளைகள் வேண்டும். மூன்று வருசம் மில் விடுதியிலேயே தங்கி வேலை செய்ய வேண்டும். சாப்பாடு உண்டு, டி.வி. உண்டு, மாசா மாசம் கைச்செலவுக்குக் கொஞ்சம் உண்டு. மூன்று வருசம் முடிந்தால் மொத்தமாக 35,000 ரூபாய், கல்யாணத்துக்கு ஆகும். சுமங்கலித் திட்டம் என்று பெயர். கலர் நோட்டீசில் தாலியோடு ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்குப் பாதி மனசு வந்துவிட்டது. அப்பாவுக்குக் கடன் இருந்தது.

திண்ணையில் உட்கார்ந்திருந்த அவ்வா புரோக்கரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏனுங்க, புள்ளைக்கு ஒடம்புக்கு முடியாம பாதியில வந்துட்டா?"

"மூணு வருசம் முடிச்சாத்தான் பணம் வருங்க."

"அப்ப அது சம்பளம் இல்லீங்க. பணயம்." அதோடு விடவில்லை. "எங்கப்பன் காலத்துல மொதல்ல காசக் குடுத்துக் கட்டிப் போட்டாங்க. நீங்க கடைசியில தர்றேன்னு சொல்லிக் கட்டிப் போடறீங்க. என்ற பேத்தி வர மாட்டாளுங்க."

பிறகு பல்கலைக்கழகத்தில் கொத்தடிமை முறை பற்றி ஒரு பருவம் முழுக்கப் படித்தேன். 2011இல் சோமோ, ஐ.சி.என். என்ற இரண்டு அமைப்புகள் வெளியிட்ட 'கேப்சர்டு பை காட்டன்' அறிக்கையில் சுமங்கலித் திட்டம் உலகத்துக்கே தெரிந்தது. ஐரோப்பியக் கடைகளில் விற்கும் துணியின் நூல் எங்கிருந்து வருகிறது என்று அதன் பிறகுதான் பலர் கேட்டார்கள். அவ்வா அதை மூன்று வருசம் முன்னாலேயே, படிக்கத் தெரியாத ஒரு நோட்டீசைப் பார்த்துக் கண்டுபிடித்திருந்தார். முன்பணத்தில் கடன் ஆளைப் பிடித்து வைக்கிறது. சுமங்கலியில் வர வேண்டிய சம்பளமே ஆளைப் பிடித்து வைக்கிறது. விட்டுப் போனால் இழப்பு யாருக்கு என்று பார்த்தால் இரண்டும் ஒன்றுதான் என்று தெரியும். என் அத்தை மகள் அந்தக் கோடையில் போனாள். இரண்டு வருசம் நான்கு மாசத்தில் இருமலோடும் வயிற்று வலியோடும் திரும்பி வந்தாள். பணம் வரவில்லை. அவளை மடியில் படுக்க வைத்துக்கொண்டு அவ்வா ஒரு வார்த்தையும் பேசவில்லை.

நான் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்தேன். 2009 ஏப்ரலில் பட்டியல் சாதியினருக்கான 18 சதவீதத்துக்குள் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு நடைமுறைக்கு வந்தது. 2010இல் கல்லூரிக்குள் போனேன். எங்கள் வளவிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண் நான். இட ஒதுக்கீடு என்றால் என்ன என்று அவ்வாவுக்கு விளக்கினேன். எல்லாம் கேட்டுவிட்டு, "இதுக்குத் திருப்பி என்ன குடுக்கணும்?" என்றார். ஒன்றும் கொடுக்க வேண்டியதில்லை, நமக்குச் சேர வேண்டியது என்றேன். நம்பாமல் இரண்டு நாள் கழித்து என் அப்பாவிடம் தனியாகக் கேட்டிருக்கிறார். 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு உள் ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்பளித்தபோது போனில் சொன்னேன். அப்போது அவருக்குக் காது மங்கிவிட்டது. "அப்ப இனிமேல் வந்து கேக்க மாட்டாங்களா?" என்றார். மாட்டார்கள் அவ்வா என்று கத்திச் சொன்னேன்.

செருப்பைப் பற்றிச் சொல்லாமல் அவ்வாவைப் பற்றி எழுத முடியாது. ஊருக்கே செருப்புத் தைத்துக் கொடுத்த குடும்பம். கவுண்டர் வீதியில் செருப்புக் காலோடு நடக்கக் கூடாது. திருப்பூர் வேலையின் முதல் சம்பளத்தில் அவ்வா ரப்பர் செருப்பு வாங்கினார். பஸ் ஸ்டாப்பிலிருந்து கம்பெனி வரை காலில், ஊர் வீதியில் மஞ்சப்பைக்குள். பல வருசம் அந்தச் செருப்பு பாதி வழி நடந்தது, பாதி வழி சுமக்கப்பட்டது. தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் 1955இல் வந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. இரண்டுமே இருந்த காலத்தில்தான் அந்தச் செருப்பு பைக்குள் போய் வந்தது.

2023 டிசம்பரில், எங்கள் திருப்பூர் மாவட்டத்தின் தெற்கே மடத்துக்குளம் வட்டம் ராஜாவூரில் அருந்ததியர் சுமார் 60 பேர் கம்பள நாயக்கர் தெருவில் முதன்முறையாகச் செருப்பு அணிந்து நடந்தார்கள். தீண்டாமை ஒழிப்பு முன்னணியும் தோழமை அமைப்புகளும் கூட நின்றன. பத்திரிகைகளில் படம் வந்தது. போனில் அந்தப் படத்தை அவ்வாவுக்குக் காட்டினேன். கிட்டத்தில் வைத்து ஒவ்வொரு காலாகப் பார்த்தார். பார்த்துவிட்டு, "அடுத்த நாளும் போட்டுட்டுப் போனாங்களா?" என்று கேட்டார்.

நான் கலந்துகொள்ளும் ஒவ்வொரு போராட்டத்துக்குப் பிறகும் இந்தக் கேள்வி எனக்குக் கேட்கிறது. படம் எடுத்தவர்கள் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். அடுத்த நாள் அந்த வீதியில் தனியாக நடக்க வேண்டியவர், அதே வீதிக்காரரிடம் வேலைக்குப் போகிறவராகவோ கடன் வாங்கியவராகவோ இருப்பார். அவினாசி வட்டம் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் 2018இல் சத்துணவு சமைக்க வந்த பாப்பாள் அம்மாவை ஆதிக்கச் சாதியினர் தடுத்ததும், அவருக்கு இடமாற்ற உத்தரவு போடப்பட்டதும், போராட்டத்தால் அது திரும்பப் பெறப்பட்டதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அப்போதும் அவ்வா என்னிடம் கேட்டது வழக்கைப் பற்றி இல்லை. "அந்தப் புள்ள இன்னும் அங்கேயே சமைக்கறாளா?" என்பதுதான். அந்த வழக்கில் ஆறு பேருக்கு இரண்டு ஆண்டு சிறை என்று தீர்ப்பு வந்தது 2025 நவம்பரில். ஏழு வருசம் ஆனது. கேட்க அவ்வா இல்லை. அந்த ஏழு வருசத்தின் ஒவ்வொரு நாளையும் பாப்பாள் அம்மா வாழ்ந்து கடக்க வேண்டியிருந்ததை நாம் மறந்துவிடக் கூடாது.

2008இல் நூறு நாள் வேலை எங்கள் மாவட்டத்துக்கு வந்தது. அவ்வா எண்பது வயது வரை ஓடை வெட்டப் போனார். முதியோர் உதவித்தொகைக்கு அவருக்கு உண்மையான வயது வந்தபோது, வாக்காளர் அட்டை அவரை 12 வயது இளையவர் ஆக்கி வைத்திருந்தது. வயது போதாது என்று மனு இரண்டு முறை திரும்பியது. யாரோ ஒருவர் வாசலில் நின்று முகத்தைப் பார்த்துக் குத்துமதிப்பாக எழுதிய ஓர் எண், 12 வருச உதவித்தொகையை எடுத்துக்கொண்டது. கடைசியில் 2012இல் கிடைத்தது. தமிழ்நாட்டில் இந்தத் திட்டம் 1962இல் மாதம் 20 ரூபாயோடு தொடங்கியது. அவ்வா இறக்கும்போது 1,200 ரூபாய்.

உத்தரவு வந்த அன்று தாளை நான் வாசித்துக் காட்டினேன். 'ஆதரவற்ற' என்ற சொல் வந்ததும் நிறுத்தச் சொன்னார். "யாரு ஆதரவத்தவ? பதினோரு பேரம்பேத்தி வெச்சிருக்கறேன். இது ஆதரவு இல்ல கண்ணு, கூலி பாக்கி. இத்தன வருசம் கழிச்சு இம்புட்டுத்தான் குடுக்கறாங்க, வாங்கிக்கலாம்." பண்ணாடியின் நோட்டிலும் தறிக்காரரின் நோட்டிலும் பாக்கி என்றால் நாங்கள் கொடுக்க வேண்டியது. அந்தச் சொல்லை அவ்வா அன்றைக்கு எதிர்ப்பக்கம் திருப்பி வைத்தார்.

நான் இப்போது பனியன் கம்பெனிப் பெண்களோடு வேலை செய்கிறேன். இ.எஸ்.ஐ. மறுக்கப்பட்டவர்கள், தறியில் பாக்கிக்காகப் பிடித்து வைக்கப்பட்ட குடும்பங்கள், வடமாநிலங்களிலிருந்து ஏஜெண்ட் மூலம் வந்தவர்கள். அதிகாரிகள் எல்லா இடத்திலும் கேட்பது ஒன்றுதான்: ஆதாரம் இருக்கிறதா? எவ்வளவு முன்பணம், எப்போது, யார் எழுதியது? நம்மிடம் நோட்டு இருக்காது. அது எப்போதும் எதிர்ப்பக்கம்தான் இருக்கும். ஆனால் சட்டம் நாம் நினைப்பதைவிட நமக்குக் கிட்டத்தில் இருக்கிறது. 1982இல் ஆசியாட் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவதே அரசியல் சட்டம் 23ஆம் பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்து பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கில், கட்டாய வேலை என்று காட்டப்பட்டாலே அதன் பின்னால் முன்பணமோ கடனோ இருப்பதாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று நிரூபிப்பது முதலாளியின் பொறுப்பு என்றும் சொன்னது. ஆக, முன்பணச் சீட்டு கையில் இல்லாவிட்டாலும், எத்தனை நாள் வேலை செய்தோம், என்ன கூலி வாங்கினோம் என்று நாம் எழுதி வைக்கும் கணக்குக்கு மதிப்பு உண்டு.

மாணவர்களாக இதைப் படிப்பவர்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். உங்கள் வீட்டில் ஓர் அவ்வாவோ அப்பத்தாவோ அம்மாயியோ இருந்தால் இந்த மாசமே போய் உட்காருங்கள். 'அந்தக் காலத்தில் எப்படி இருந்தது' என்று பொதுவாகக் கேட்காதீர்கள், பொதுவான பதில்தான் வரும். முதன்முதலில் யார் வீட்டுக்கு வேலைக்குப் போனீர்கள், அதற்கு முன்னால் வீட்டில் எவ்வளவு வாங்கியிருந்தார்கள், கூலி தானியமா காசா, எந்த அளவையில் அளந்தார்கள், எந்த நாளுக்குக் கழித்தார்கள், எந்த வீதியில் செருப்பைக் கழற்றினீர்கள், எந்த வருசத்தில் கழற்றுவதை நிறுத்தினீர்கள், நிறுத்திய அன்று யார் என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள். வருசம் தெரியாவிட்டால் நிகழ்ச்சியைக் கேளுங்கள். பஞ்சம், வெள்ளம், எலக்சன், கரண்டு வந்த நாள், முதல் பஸ் வந்த நாள். வருசத்தை நாம் கண்டுபிடித்துக்கொள்ளலாம். குரலைப் பதிவு செய்யுங்கள், அன்றே எழுதிவிடுங்கள். பெயர் போட அவர்கள் பயந்தால் பெயர் வேண்டாம்.

நான் அவ்வாவின் கணக்கை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். 1942 முதல் ஏறத்தாழ 2015 வரை, 73 வருச வேலை. எருமை, ஆடு, கம்பங்காடு, பருத்திக்காடு, பிசிறு, வேஸ்ட், ஓடை. ஒவ்வொன்றுக்கும் எதிரே என்ன கொடுத்தார்கள் என்று அவர் சொன்னது இருக்கிறது. இன்னொரு பத்தியில் அந்தந்த ஆண்டில் சட்டப்படி என்ன கொடுத்திருக்க வேண்டும் என்று தேடி எழுதிக்கொண்டிருக்கிறேன். பாதி முடிந்திருக்கிறது. என் அண்ணன் மகளுக்கு ஏழு வயது, பள்ளிக்கூடம் போகிறாள். அந்த நோட்டை எடுத்து எழுத்துக் கூட்டி வாசிக்கிறாள். கூட்டல் வராத இடத்தில் என்னைக் கூப்பிடுகிறாள்.

ஜெய்பீம்.